சக்கரம் வைத்த காப்பி வறுக்கும் மேடை: புகையையும் உமியையும் வெளியேற்றுவது எப்படி?

மூன்றாம்மாடி (நங்கநல்லூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களாக வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்து வருகிறேன். ஒரு தடவைக்கு 250 கிராம் கொள்ளும் மின்சார உருளை, 1500 வாட். பச்சைக்கொட்டை ஏற்காட்டிலிருந்தும் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பிளான்டேஷன் (கழுவிப் பதப்படுத்திய கொட்டை) முக்கால் பங்கு, பீபரி (பழத்துக்கு ஒன்றாக விளையும் உருண்டைக் கொட்டை) கால் பங்கு. சிக்கரி சேர்ப்பதில்லை.

கும்பகோணத்தில் அப்பா கையால் சுற்றும் இரும்பு உருளையைக் கரியடுப்பின் மேல் வைத்து வறுப்பார். வறுத்ததும் முறத்தில் கொட்டி அம்மா புடைப்பார். கொட்டையிலிருந்து கழலும் மெல்லிய தோல், அதாவது உமி, கிணற்றடி வரை பறக்கும். கொல்லைப்புறம் திறந்து கிடந்ததால் புகையைப் பற்றி யாரும் பேசியதில்லை. இப்போது அம்மாவுக்கு 78 வயது, இளைப்பு இருக்கிறது. காலைக் காப்பி புதிதாக வறுத்து அரைத்ததாக இருந்தால் முகமே மலர்கிறது. ஆனால் அந்தக் காப்பிக்காக நான் வறுக்கும் அன்று இரவு முழுவதும் இருமுகிறார். இதற்கு ஒரு வழி கண்டே ஆக வேண்டும்.

வறுக்க எனக்கு இருக்கும் ஒரே இடம் சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனி. ஏழடிக்கு நான்கடி. நகரும் அலுமினிய ஜன்னலும் கொசுவலையும் போட்டு மூடியது. அங்கேதான் சலவை இயந்திரம், அங்கேதான் துணிக்கொடி. அந்த இடம் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தின் மூலையில் நிறுத்த வேண்டும். அதனால்தான் சக்கரம். கதவின் அகலம் இரண்டரை அடி என்பதால் வண்டி இரண்டடிக்குள் அடங்க வேண்டும்.

இதுவரை செய்தது: ஜன்னலில் ஒன்பதங்குல எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தினேன். புகையில் பாதி வெளியே போகிறது, மீதி சுருண்டு சமையலறைக்குள் வருகிறது. உமி அதைவிட மோசம். நான்கு தடவை வறுப்பதற்குள் கொசுவலை முழுக்கப் படிந்து கம்பளி போல அடைத்துக்கொண்டது. வலையைக் கழற்றிவிட்டு வறுத்தேன். அன்று மேல்மாடி மாமி கம்பியில் பாய் விரித்து வடாம் காயவைத்திருந்தார். ஈர வடாம் முழுவதும் பழுப்பு உமி. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் இரண்டு கிலோ அரிசி வீணாயிற்று. மறுநாளே அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டேன். இனி இப்படி நடக்கக் கூடாது.

எந்த அளவுக் குழாய், எந்த விசிறி, உமியை எங்கே பிடிப்பது, கரி வடிகட்டி உதவுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்படி (ஆதம்பாக்கம்) எழுதியது:

சமையலறைச் சிம்னிக்கு அடியில் வைத்து வறுத்துப் பார்த்தீர்களா? நான் வாணலியில் நூறு கிராம் அப்படித்தான் வறுக்கிறேன். சிம்னியின் குழாய் வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். சில வீடுகளில் குழாயே இல்லாமல், காற்றைக் கரித்தட்டு வழியாக வடித்து அறைக்குள்ளேயே திருப்பி விடுவார்கள். அது பயன்படாது.

இன்னொன்று, பால்கனி எந்தத் திசை பார்த்திருக்கிறது? நம் பக்கம் நண்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்பிவிடும். கிழக்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் வெளியே தள்ளும் புகையை அது திரும்ப உங்கள் முகத்திலேயே அடிக்கும். கோடையில் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆறரை மணிக்கு வறுத்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

மூன்றாம்மாடி எழுதியது:

நன்றி. எங்கள் வீட்டில் இருப்பது குழாய் இல்லாத சிம்னிதான். பால்கனி கிழக்குப் பார்த்தது. நான் ஞாயிறு மதியம் வறுத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் சொன்னது இப்போது புரிகிறது.

பழைய மில்காரன் (சிங்காநல்லூர்) எழுதியது:

தம்பி, நான் காப்பி வறுத்ததில்லை. முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் இருந்தேன். முதலில் பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில், பிறகு காற்றுக் குழாய்ப் பராமரிப்பில். நீங்கள் உமி என்று சொல்வதை நாங்கள் பஞ்சு என்று சொன்னோம், அவ்வளவுதான் வித்தியாசம். எடை கிடையாது, இடத்தை அடைக்கும், காற்று போகும் இடமெல்லாம் போகும், வலையைக் கண்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை பரபரத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உமி, புகை இரண்டையும் ஒரே விசிறியால் ஒரே இடத்தில் சமாளிக்கப் பார்த்ததுதான் தவறு. உமியை வழியிலேயே கீழே விழவைக்க வேண்டும். புகையை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் உமி பறக்கும், காற்று சோர்ந்துபோகும் இடத்தில் விழும். பழைய ஆலைகளில் இயந்திரத்துக்கு அடியில், தரைக்குக் கீழே பெரிய தூசி அறை கட்டியிருப்பார்கள். குறுகிய குழாயில் விரைந்து வரும் காற்று அந்த அறைக்குள் நுழைந்ததும் தளர்ந்துவிடும், பஞ்சும் மண்ணும் தரையில் படியும். உங்களுக்கு வேண்டியது ஒரு குட்டித் தூசி அறை.

15 கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்குங்கள். ஏறத்தாழ ஒன்பதங்குலச் சதுரம், பதினான்கு அங்குல உயரம். ஆறங்குலக் குழாயைவிட அதன் குறுக்குப் பரப்பு மூன்று மடங்கு. குழாயில் நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் வரும் காற்று, டின்னுக்குள் ஒன்றே கால் மீட்டருக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். மேல்மூடியில் ஆறங்குல ஓட்டை இரண்டு போட இடம் போதாது. எனவே உள்ளே வரும் வாய் பக்கவாட்டில், மேல்பாதியில் இருக்கட்டும். வெளியே போகும் வாய் மூடியில் இருக்கட்டும். உள்ளே வரும் வாய்க்கு எதிரே கையகலத் தகடு ஒன்றைக் கீழ்நோக்கிச் சாய்த்து ரிவிட் அடியுங்கள். காற்று அதில் மோதிக் கீழே இறங்கி, திரும்பி மேலே ஏற வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் உமி கழன்று அடியில் தங்கும். மூடிக்கு உட்புறம் மாவுச் சல்லடை அளவுக் கண் உள்ள இரும்பு வலையைத் தொப்பி போலக் கவிழ்த்து வையுங்கள். தப்பி வரும் கொஞ்சத்தை அது பிடித்துக்கொள்ளும். வலையைத் தட்டையாக வைத்தால் உங்கள் கொசுவலைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். தொப்பியாக வைத்தால் பரப்பு கூடும், சீக்கிரம் அடைக்காது.

டின்தான் வேண்டும், பிளாஸ்டிக் வாளி வேண்டாம். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

குழாய் ஆறங்குலம். நான்கங்குலம் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். அதே அளவு காற்று நான்கங்குலக் குழாயில் போக இரண்டேகால் மடங்கு வேகம் வேண்டும், சின்ன விசிறி திணறும். விசிறிப் பெட்டியில் மணிக்கு 400 கன மீட்டர் என்று போட்டிருந்தால் அது குழாயும் வளைவும் இல்லாத கணக்கு. டின், வலை, இரண்டு வளைவு எல்லாம் சேர்ந்தால் அதில் பாதிக்குச் சற்று மேலே வந்தாலே பெரிய காரியம். உங்கள் உருளைக்கு அது போதும். நெளிவுள்ள அலுமினியக் குழாயைக் கடைசி மூன்றடிக்கு மட்டும், ஜன்னலில் மாட்டிக் கழற்ற வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் வழவழப்பான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய் போடுங்கள். நெளிவுக்கு நெளிவு உமியும் பிசினும் சேரும், எங்கள் ஆலையில் பார்த்திருக்கிறேன். வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாய் சூட்டில் இளகிவிடும், அந்தப் பேச்சே வேண்டாம்.

விசிறியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. வண்டியின் மேலே வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஜன்னல் பலகையில், குழாயின் கடைசி முனையில் வையுங்கள். விசிறிக்கு முன்னால் உள்ள குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். மூட்டில் இடைவெளி இருந்தால் அறையின் காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே கசியாது. விசிறிக்குப் பின்னால் உள்ளது தள்ளும் பக்கம். அங்கே ஓர் ஊசித்துளை இருந்தாலும் புகை பீச்சும். தள்ளும் பக்கம் வீட்டுக்குள் ஓரடிகூட இருக்கக் கூடாது. உங்கள் தாயாருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஜன்னல் பலகை அரையங்குல ஒட்டுப்பலகை. நகரும் கதவின் அகலத்துக்கு வெட்டி, சட்டத்தில் செருகி எடுக்கும்படி செய்யுங்கள். வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். புறா கூடு கட்டாமல் இருக்க அரையங்குலக் கண் கோழிவலை போதும், கொசுவலை கூடாது.

குழாயை வறுக்கும் உருளையின் வாயோடு இறுக்கி மாட்டிவிடாதீர்கள். விசிறி உருளைக்குள் இருக்கும் சூட்டையும் சேர்த்து இழுத்துவிடும், கொட்டை வறுபடாமல் வேகும். மேலே ஓரடிச் சதுரத்துக்குத் தகரக் குடை ஒன்று செய்து, உருளையின் புகைவாய்க்கும் குடைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்றும் புகையும் கலந்து போகும், குழாயும் சுடாது. சரியாக இழுக்கிறதா என்று அறிய, ஆலையில் ஓர் இழைப் பஞ்சை விரலிடுக்கில் பிடித்துக் குழாய் வாயருகே காட்டுவோம். நீங்கள் ஊதுபத்தி கொளுத்திக் குடையின் நான்கு ஓரத்திலும் காட்டுங்கள். புகை தயங்காமல் உள்ளே சாய வேண்டும். எந்த மூலையில் தயங்குகிறதோ அங்கே குடையை இரண்டு விரல் தாழ்த்துங்கள்.

வெளியே போகும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வந்தாக வேண்டும். சமையலறைக் கதவை முழுக்கச் சாத்தினால் விசிறி வெறுமனே சுற்றும். நான்கு விரல் திறந்து வையுங்கள், கூடத்து ஜன்னல் ஒன்றும் திறந்திருக்கட்டும். காற்று சமையலறையிலிருந்து பால்கனிக்கு வந்துகொண்டே இருந்தால் புகை எதிர்த்து உள்ளே வராது. பால்கனியிலோ குளியலறையிலோ கேஸ் கீசர் இருந்தால் வறுக்கும்போது அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். விசிறியின் இழுப்பு அதன் நச்சுக்காற்றை வீட்டுக்குள் திருப்பிவிடும்.

வண்டிக்குத் துளையிட்ட இரும்பு ஆங்கிளில் சட்டம், 22 அங்குலத்துக்கு 18 அங்குலம். மேலே ஒட்டுப்பலகை வேண்டாம், கடப்பா கல் போடுங்கள். தீ பிடிக்காது, கனமாக இருப்பதால் வண்டி ஆடாது. நான்கு சக்கரத்தில் இரண்டுக்குப் பூட்டு இருக்க வேண்டும். எண்ணெய் டின் கீழ்த்தட்டில் நிற்கட்டும், எடை கீழே இருந்தால் கதவுப்படியில் ஏற்றும்போது கவிழாது.

இனி, பிளாஸ்டிக் வாளி ஏன் கூடாது என்பது. பஞ்சுக்குவியலுக்குள் ஒரு பொறி விழுந்தால் வெளியே எதுவும் தெரியாது. உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்து இரவு வேலைக்காரர்கள் போன பிறகு, விடியற்காலை நான்கு மணிக்குக் கிடங்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உமியும் அப்படித்தான். டின்னில் சேர்ந்ததை உடனே குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, விரலால் கிளறி, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொட்டுங்கள். உருளைக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். சூட்டை நிறுத்துங்கள், விசிறியையும் நிறுத்துங்கள். காற்று போகாவிட்டால் தீ தங்காது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைச் சமையலறைக் கதவருகே ஆணியில் மாட்டி வையுங்கள், வண்டியில் வேண்டாம். வண்டி எரியும்போது அதை எடுக்க முடியாது.

மூன்றாம்மாடி எழுதியது:

ஐயா, இதை அச்செடுத்துத் தகர வேலை செய்பவரிடமே கொடுத்துவிட்டேன். கேஸ் கீசர் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு சந்தேகம். கரி வடிகட்டி வைத்தால் மேல்மாடிக்கு வாசனை போகாமல் இருக்குமா? வறுக்கும் நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது?

பழைய மில்காரன் எழுதியது:

கரி வாசனையைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் காப்பிப் புகை வெறும் வாசனை இல்லை, அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அது கரித்துண்டுகளின் மேல் பூசிக்கொண்டால் கரி வேலை செய்யாது. வாங்கிய பணம் சீக்கிரம் போய்விடும், காற்றும் அடைபடும். அதற்குப் பதில் வெளிமுனையை மேல்மாடி ஜன்னலை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

மின்சாரம்: உருளை 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்புக் கம்பி தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி, நில இணைப்போடு. விசிறி அறுபது வாட்டுக்குள்தான் இருக்கும். அதை மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் தனியாக மாட்டுங்கள். மின்சாரம் போனாலும் புகை இழுப்பு நிற்காது. உருளை நின்றுவிட்டால் கொட்டை அடிச்சூட்டில் கருகும். அதை எப்படி வெளியே எடுப்பது என்பதைக் காப்பி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சேர்வராயன் (ஏற்காடு) எழுதியது:

மில்காரர் அண்ணா எழுதியதற்கு மேல் தகர வேலையில் நான் சொல்ல ஒன்றுமில்லை. காப்பி பற்றிச் சொல்கிறேன். எங்களுக்குச் சிறிய தோட்டம், எஸ்.795 என்ற அராபிகா வகைச் செடிகள், மிளகும் உண்டு. வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் நானே வறுக்கிறேன்.

உமியின் அளவு கொட்டையைப் பொறுத்தது. கழுவிப் பதப்படுத்திய பிளான்டேஷனில் குறைவு. பழத்தோடு காயவைத்த செர்ரியில் அதிகம், கையில் தேய்த்தாலே வெள்ளிச் சருகு போல உதிரும். செர்ரி வறுக்கும் நாளில் ஒவ்வொரு தடவைக்கும் டின்னைத் திறந்து பாருங்கள். பச்சைக்கொட்டையை வறுப்பதற்கு முன் முறத்தில் ஒரு தடவை புடைத்துவிட்டால் தளர்ந்த சருகு முதலிலேயே போய்விடும். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கை இன்னும் மறந்திருக்காது, கேட்டுப் பாருங்கள்.

உமியும் புகையும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கொட்டை மஞ்சளாகி, வைக்கோல் வாசனை மாறி ரொட்டி வாசனை வரும்போது உமி கழலத் தொடங்கும். முதல் வெடிப்பு (கொட்டை சூட்டில் படபடவென்று வெடிக்கும் சத்தம்; இன்னும் வறுத்தால் இரண்டாம் வெடிப்பும் வரும்) வரை அது கொட்டும். புகை அதற்குப் பிறகுதான் கனக்கும். ஃபில்டர் காப்பிக்காக இரண்டாம் வெடிப்பின் விளிம்பு வரை போகிறவர்களுக்குக் கடைசி இரண்டு நிமிடப் புகைதான் மொத்தப் புகையில் பெரும்பங்கு. நிறைய பேர் மறப்பது ஆறவைக்கும் நேரம். உருளையிலிருந்து கொட்டிய கொட்டை நீலப்புகை விட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் சட்டியைச் சமையலறைக்கு எடுத்துப் போய் ஆறவைக்கிறீர்களா? உங்கள் அம்மாவின் இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதே குடைக்கு அடியில் சல்லடையை வைத்து ஆறவையுங்கள்.

மின்சாரம் போனால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கனமான துணிக்கையுறை கையருகே இருக்கட்டும். பெரிய இரும்புச் சல்லடையில் கொட்டி, மரக்கரண்டியால் கிளறி, பனைவிசிறியால் வீசுங்கள். வறுபட்டது பாதி என்றாலும் வருந்த வேண்டாம். திரும்பச் சூடேற்றி வறுத்தால் சப்பென்று ஆகிவிடும், அந்த 250 கிராமை விட்டுவிடுங்கள்.

ஆறிய உமியை நாங்கள் சாணக்குழியில் போடுகிறோம். தொட்டிச் செடி இருந்தால் மண்ணோடு கலந்துவிடுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

வண்டி தயார். நான்கு ஞாயிறு வறுத்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

சேர்வராயன் கேட்டது அப்படியே உண்மை. நான் சட்டியைச் சமையலறை மேடையில் வைத்துத்தான் ஆறவைத்தேன். இப்போது சல்லடைக்கு வண்டியிலேயே ஓர் இழுப்புத் தட்டு செய்தாயிற்று. குடை அதையும் சேர்த்து மூடுவதற்காக 12 அங்குலத்தை 16 ஆக்கினோம். ஊதுபத்தி வைத்துப் பார்த்தபோது இடது முன்மூலையில் புகை தயங்கியது. ஐயா சொன்னபடி இரண்டு விரல் தாழ்த்தியதும் சரியாயிற்று.

முதல் தடவை வறுத்து முடித்து டின்னைத் திறந்தபோது அடியில் ஒரு கைப்பிடி உமி, பொன்னிறமாக, உதிரி உதிரியாகப் படிந்து கிடந்தது. தொப்பி வலையில் ஓரத்தில் மட்டும் மெல்லிய படலம். வெளியே கைப்பிடிச் சுவரில் வெள்ளைக் காகிதம் ஒட்டி வைத்திருந்தேன். ஏழெட்டு உமிதான் அதில் விழுந்திருந்தது. சாய்வுத் தகட்டை அரையங்குலம் நீட்டிய பிறகு அதுவும் இல்லை. மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் வறுக்கிறேன். போன ஞாயிறு அவர் மேலே கூழ்வடாம் பிழிந்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை.

காலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டு தடவை வறுத்து ஏழேகாலுக்கு முடிக்கிறேன். அம்மா கூடத்தில் இருந்தபடியே பச்சைக்கொட்டை புடைத்துக் கொடுக்கிறார். நான்கு ஞாயிறும் இரவில் இருமல் இல்லை. மூன்றாவது வாரம் நடுவில் மின்சாரம் போனது. கொட்டிவிட்டேன், விசிறி இன்வெர்ட்டரில் ஓடியது, புகை உள்ளே வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி மீதம். நேற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். டின்னை அடுத்த வளைவின் உட்புறம் பழுப்பாக, தேன் போல ஒட்டும் படலம் படிந்திருக்கிறது. விரலில் ஒட்டுகிறது, துணியால் துடைத்தால் போகவில்லை. எதைப் போட்டுக் கழுவுவது?

பழைய மில்காரன் எழுதியது:

தம்பி, படித்ததும் மனம் நிறைந்தது. அந்தப் படலம்தான் பின்னால் தீப்பிடிப்பது, விட்டுவைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து வளைவைப் பத்து நிமிடம் முக்கி, தென்னைநார் தூரிகையால் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டாம், சோடா துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். விசிறி இறக்கைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு அதே சோடாத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மாதம் ஒரு முறை. காய்ந்த பிறகு மூட்டுகளில் அலுமினிய ஒட்டுநாடாவைப் புதிதாகச் சுற்றி, மறுபடி ஊதுபத்தி வைத்துப் பாருங்கள்.